பலகைக்குப் பக்கத்து ஆறு ஏக்கர்

நவம்பர் 3
இன்று கடையில், டிராக்டரில் மாட்டி உழும் ரோட்டவேட்டர் இரண்டு விற்றேன். வீடு திரும்பும் வழியில் பார்த்தால், அபோகர் சாலையோரத்து நம் ஆறு ஏக்கரில் பருத்திச் செடி நிற்க நிற்கவே என் மனைவி நஸீப் கவுர் தண்ணீர் பாய்ச்சி, ஈரத்தில் கோதுமையை இறைத்துக்கொண்டிருக்கிறாள். உழவே இல்லை. மகள் ரம்னீக்கின் யோசனையாம். விவசாயக் கல்லூரிக்கு அனுப்பியதன் பலன். அந்த வரப்பில்தான் என் கடைப் பலகை நிற்கிறது: 'உழுத வயலே உழவனின் முகம்.' எழுதிய மடையன் நான்தான்.

நவம்பர் 12
முளைத்துவிட்டது. வழுக்கையன் காதோரம் முடிபோல, செடிகளுக்கு அடியில் பச்சை. டீக்கடையில் பக்கத்து வயல் மந்தர் சிங் கேட்டான்: "என்ன சர்தார்ஜி, டீசல் தீந்துபோச்சா, தெம்பு தீந்துபோச்சா?" சிரித்து வைத்தேன். வாங்குகிறவனிடம் கோபப்பட முடியுமா?

நவம்பர் 14
ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். முக்த்ஸர் ஊர் ஜக்சீர் சிங் குடும்பம். ரம்னீக்குக்குப் பையன்மேல் ஆசை. ஜக்சீர் போன வருஷம் என்னிடம் ரோட்டவேட்டர் வாங்கி, இன்றுவரை போனில் புகழ்கிறவர். இந்தக் குப்பை வயலைப் பார்த்தால்? சோம்பேறிக் குடும்பம் என்று திரும்பிப் போய்விடுவார்.

நவம்பர் 16
விடிந்ததும் டிராக்டரோடு போனேன். பருத்தி பறிக்கும் பெண்கள் பத்துப் பேர் குறுக்கே நின்றார்கள். அவர்கள் தலைவி சன்னோ இடுப்பில் கைவைத்தாள்: "காய் இன்னும் வெடிக்கல. கடைசிப் பறிப்பு எங்களுது, பருத்திமாரும் எங்களுது. உழுதுட்டு அடுப்புக்கு உங்க தாடியையா குடுப்பீங்க?"
பின்னாலேயே நஸீப்: "உழுங்க. ராத்திரி ரொட்டியையும் அந்த மெஷின்லயே சுட்டுக்குங்க."
டிராக்டரைத் திருப்பினேன்.

நவம்பர் 18
பெண் பார்க்க வந்தவர்களைக் கால்வாய்ப் பாதையில் சுற்றி அழைத்துவந்தேன். வயல் கண்ணில் படவில்லை. ஜக்சீர் நாலு பர்ஃபி தின்றார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பந்தம் பேச வந்து நிலம் விசாரிக்காத ஜாட் விவசாயியா? இவர் எதையோ மறைக்கிறார். கடனோ? நிலத்தை விற்றுத் தொலைத்தாரோ?

நவம்பர் 23
இலவச சர்வீஸ் என்ற சாக்கில், சொல்லாமல் கொள்ளாமல் முக்த்ஸர் போய் இறங்கினேன். கொட்டகையில் நான் விற்ற ரோட்டவேட்டர் — கத்திகளில் கம்பெனி பெயிண்ட்கூட உதிரவில்லை. மேலே ஏழு கோழி. பின்னால் வயல்: நிற்கிற பருத்தி, அடியில் கோதுமை.
ஜக்சீர் தலைப்பாகையைச் சொறிந்தார். "நீங்க ரோட்டவேட்டர் விக்கிறவரு. உழாத வீட்டுக்குப் பொண்ணு குடுப்பீங்களான்னு பயந்துட்டேன்."
என் வயலும் அப்படித்தான் என்று, கோழிகளைப் பார்த்தபடி நானும் ஒப்புக்கொண்டேன். இருவரும் லஸ்ஸியை வாயில் வைக்க முடியாமல் சிரித்தோம்.
ரம்னீக்கிடம் சொன்னேன். "தெரியும்ப்பா. இப்படி விதைக்கிறதையே அவரு மகன்தான் எனக்குச் சொல்லிக்குடுத்தாரு." ஆக, முட்டாள் நான் ஒருவன்தான்.

பிப்ரவரி 10
கல்யாணம் முடிந்தது. ஜிலேபிக் கடாய்க்கு அடியில் சன்னோ கொண்டுவந்த பருத்திமார். காற்றுக்குத் தடுப்பு, என் பலகை. மாப்பிள்ளையைக் குதிரைமேல் விட்டுவிட்டு ஊர்வலத்தில் பாதிப் பேர் நம் கோதுமைக்குள் இறங்கிவிட்டார்கள். முழங்காலுக்கு மேல் நிற்கிறது. பருத்தி முடியும்வரை காத்திருந்து, உழுது, கடைசியில் விதைத்த மந்தருடையது கணுக்கால்தான்.
அவனே கையில் ஜிலேபியோடு ஒதுங்கி வந்தான். "உழாம விதைக்கிற மெஷின் உங்க கடைல கெடைக்குமா?"
கிடைக்கும், இரண்டே இரண்டுதான் மீதி என்றேன்.
நாளை காலை முதல் வேலையாகக் கம்பெனிக்கு ஆர்டர் போடவேண்டும்.