மதகுக்கு அந்தப் பக்கம்

1974 மார்ச் 4, திங்கள்

கட்டடக்கலை நான்காம் ஆண்டில் எல்லோரும் சென்னையிலேயே பயிற்சிக்கு இடம் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒருவன்தான் தஞ்சாவூர் நகரமைப்பு அலுவலகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். "வீடு கட்டப் படிச்சிட்டு சாக்கடைக்குக் கோடு போடப் போறியா" என்று விடுதியில் கேலி. இருக்கட்டும்.

அதிகாரி பஞ்சநதம் சார் அதிகம் பேசுவதில்லை. வரைவாளர் அஹமது கபீர் அவருக்கும் சேர்த்துப் பேசுகிறார். "மஞ்சள்னா வீடு, நீலம்னா கடை, ஊதா ஆலை, சிவப்பு பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி, பச்சை வயல். ஒரு ஊரையே அஞ்சு டப்பாவுல அடைச்சிடலாம் தம்பி." எந்த ஊர் என்று கேட்டார். குத்தாலம் பக்கம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 12

காலையிலிருந்து ஆற்றுப் பாலத்தில் வண்டி எண்ணும் வேலை. லாரி, பஸ், மாட்டுவண்டி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. தலையில் சுமந்து வரும் பெண்களுக்கு மட்டும் இல்லை. வைக்கோல் கட்டோடு சாரி சாரியாக வந்தார்கள், அவர்களை எங்கே போடுவது? சாரிடம் கேட்டேன். "நீயே ஒரு கட்டம் போடு" என்றார். போட்டேன். இதற்குப் போய் இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஊர் தானாக முளைப்பதில்லை. தேர் திரும்புகிற அகலத்துக்கு வீதி விட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் நின்றுகொண்டு, நீ இங்கே இரு, நீ அங்கே போ என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும் எங்கள் ஆட்களின் தெரு கிழக்கே, வயல் தண்ணீர் வடிகிற பக்கம் இருக்கிறது. அதைத் தாள் மேல் பார்த்த பிறகு வீடு கட்டுகிற ஆசை எனக்குச் சுத்தமாகப் போய்விட்டது. இதைத்தான் படிக்க வேண்டும்.

மார்ச் 20

சார் எனக்கென்று ஒரு தாள் கொடுத்தார். வடபாதிநல்லூர் பேரூராட்சி, கிழக்குப் பகுதி. "உனக்குச் சரியா இருக்கும்" என்றார்.

எங்கள் ஊர். ஏன் எனக்குச் சரியாக இருக்கும்?

மார்ச் 27, புதன்

போய்விட்டு வந்துவிட்டேன். எழுதக் கூசுகிறது.

கபீர் கடைத்தெருவை எடுத்துக்கொண்டார். எனக்காக மிராசுதார் துரைராசுவின் காரியக்காரர் நடராசன், பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து காத்திருந்தார். பத்து வயதில் விடுதிக்குப் போகும் வரை இவர் அவிழ்த்துவிட்ட மாடுகளைத்தான் நான் மேய்த்தேன். மாடு நாற்றங்காலில் இறங்கிவிட்டது என்று புளிய விளாறால் விளாசியிருக்கிறார். இன்றைக்கு என்னை நிமிர்ந்து பார்த்து, "வாங்க தம்பி, வெயில் ஏறிடுச்சே" என்றார். அடையாளம் தெரியவில்லை. பேண்ட் சட்டைக்குள் காத்தாயி மகன் இருப்பான் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

நேரே மிராசுதார் வீடு. கூடத்தில் நாற்காலி, வெள்ளி டம்ளரில் காபி. என் அம்மா இந்த வீட்டில் கொல்லைப்புறத்து மாட்டுக்கொட்டில் வரைக்கும்தான் வந்திருக்கிறாள். சாணி அள்ளுகிற வேலை. நான் வாசல் வழியாகப் போய் உட்கார்ந்தேன். துரைராசு எதிரே உட்கார்ந்து, "பிளான் வந்தா நம்ம ஊருக்கு என்னென்ன வருங்க?" என்று கேட்டார். விளக்கினேன். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? எனக்குப் பிடித்திருந்தது. காபி பிடித்திருந்தது. அவர் தலையை ஆட்டிக் கேட்டது பிடித்திருந்தது.

அப்புறம் நடராசனோடு கிழக்கே நடந்தேன். வாய்க்கால் மதகு வந்தது. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. கூரைகள் தெரிந்தன. யார் வீட்டிலோ அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. 'டேய் ராசாங்கம்' என்று ஒரு குரல் வந்தால் போதும். அப்புறம் நான் யார், அந்த நாற்காலி என்ன ஆகும், டம்ளரை என்ன செய்வார்கள்?

நடராசன் மதகுச் சுவரில் கை வைத்து நின்றுகொண்டார். "இதுக்கு மேல ஒண்ணுமில்ல தம்பி. பண்ணைக் களந்தான். அறுப்புக்கு வந்த ஆளுங்க கொட்டாய் போட்டுருக்குங்க, போயிடும்."

"சரிங்க" என்றேன். திரும்பிவிட்டேன்.

கொட்டாயாம். நான் பிறந்த கொட்டாய்.

மார்ச் 28

தெருவின் மேல் பச்சை அடித்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 3

சார் தாளைப் பார்த்தார். பச்சையின் மேல் விரலை வைத்து, "இங்க வீடு ஏதும் உண்டா?" என்றார்.

"இல்ல சார். களம்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு சரி என்று கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 10

புதிய பஸ் நிலையம் எங்கே என்று ஆலோசனை. ஊருக்குள் எல்லாம் அடைசல். மெயின் ரோட்டை ஒட்டி, காலியாக இருப்பது அந்தக் களம் ஒன்றுதான். படித்த விதிக்கெல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பஸ் உள்ளே வருகிற வளைவை என்னையே போடச் சொன்னார்கள். போட்டேன். "கையில தொழில் இருக்குப்பா" என்றார் கபீர். வளைவு எங்கள் வாசலில்தான் திரும்புகிறது.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு என்று ஊருக்குப் போனேன். இருட்டுகிற நேரம் பார்த்து, வயல் வழியாக.

தெரு முழுக்க ஒரே பேச்சு. குடியிருப்புச் சட்டம் வந்து வருஷங்கள் ஆகின்றன. பண்ணை மண்ணில் குடிசை போட்டிருப்பவனுக்கு அந்த மனை சொந்தம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அது களம், அங்கே குடியிருப்பே கிடையாது என்று துரைராசு தாசில்தாரிடம் சாதித்துக்கொண்டிருக்கிறார். விவசாயக் கூலிச் சங்கத்துத் தங்கையன் என்னைப் பிடித்துக்கொண்டார். "பிளான் ஆபீசுல படம் போடுறாங்களே, அதுல நம்ம தெரு வந்துட்டாப் போதும். அப்புறம் பண்ணை வாயத் தெறக்க முடியாது."

இது எனக்கு ஏன் முன்னமே உறைக்கவில்லை? உறைத்திருந்தால் மட்டும்?

அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். "ஆபீசருங்க வந்தாங்களாம்ப்பா. மதகு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டாங்களாம். நீ அங்கதான இருக்க, யாருன்னு பாத்து ஒரு வார்த்த சொல்லேன். நம்ம தெருவயும் வந்து பாக்கச் சொல்லு."

"சொல்றேம்மா."

இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். தின்றேன்.

ஏப்ரல் 22

இன்றும் சொல்லவில்லை. சார் லீவு என்று எழுதிக்கொள்ளலாம். சார் லீவில்லை.

மே 3, வெள்ளி

வரைவுப் படத்தை அலுவலகக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம், ஆட்சேபம் இருப்பவர்கள் சொல்லலாம் என்று. காலையில் தங்கையன் தெருவையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். சார் என்னைக் கூப்பிட்டு, "வந்தவங்க பேரையும் ஆட்சேபத்தையும் எழுதிக்க" என்றார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

எல்லாம் தெரிந்த முகங்கள். ஒருத்தரும் என்னைத் தெரிந்த மாதிரி பார்க்கவில்லை. அம்மா முதல் ஆளாக முன்னால் வந்தாள். பண்டிகைக்கு உடுத்துகிற சேலை. இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஐயா, படத்துல எங்க தெருவக் காணும்ங்க."

பக்கத்தில் கபீர். அந்தப் பக்கம் சார். எழுந்து நின்றிருக்கலாம். அம்மா என்று ஒரு சொல். அதற்கு எவ்வளவு மூச்சு ஆகிவிடப் போகிறது?

"பேரு?" என்று கேட்டேன்.

"காத்தாயிங்க" என்றாள்.

எழுதிக்கொண்டேன். போகும்போது தங்கையன் குனிந்து, "யாரும் அவன்கிட்ட ஒறவு கொண்டாடாதீங்க, அவன் பொழப்பு கெட்டுடும்னு ஒன் ஆத்தா பஸ்ஸுலயே சொல்லிப்புட்டா" என்றார்.

மே 4

பேரு என்று கேட்டேன். அம்மாவிடம். நான் கேட்டேன் —

தூ.

மே 6, திங்கள்

சொல்லிவிட்டேன். "சார், அது களம் இல்ல. தெரு. நான் பொறந்த தெரு."

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "காலேஜ்லேர்ந்து உன் பேரு வரும்போதே ஊரு, ஜாதி எல்லாத்தோடயுந்தான் வந்துச்சு. ஊர் தெரிஞ்ச புள்ளைன்னுதான் அந்த ஷீட்ட உன்கிட்ட குடுத்தேன். வேற எவன் களம்னு போட்டிருந்தாலும் நானே நேர்ல போய்ப் பாத்திருப்பேன். இந்த மிராசுதாருங்க சொல்றத நான் நம்புறதில்ல. நீ சொன்ன. அந்தத் தெருக்காரனே களம்னு சொல்றான், அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? போகல."

கபீர் பேனாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார், தலையைத் தூக்கவில்லை. அவருக்கும் தெரியும். இந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கூட உட்கார வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் எதை மறைத்தேன்? யாரிடமிருந்து மறைத்தேன்? நடராசன் ஒருவனிடமிருந்தா? அவன் அடித்த விளாறுக்கு அவனிடமே மரியாதை வாங்கித் தின்ன ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அதற்குத் தெருவைக் கொடுத்துவிட்டேன்.

"இப்ப நான் சும்மா அழிச்சிட முடியாது" என்றார் சார். "துரைராசு வக்கீல் உன் படத்தத்தான் தூக்கிக் காட்டுவார். விசாரணையில அளந்தவனே வந்து தப்புன்னு சொல்லணும். சொன்னா உன் பயிற்சி தேறுச்சுன்னு நான் எழுத முடியாது. ஒரு வருஷம் போயிடும். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க ஒன்றுமில்லை சார் என்றேன். பொய். அறைக்கு வந்து நிறைய யோசித்தேன். அந்த ஒரு வருஷத்தை நினைத்து அழுதேன்கூட. என்ன பிறவி நான்.

மே 20

விசாரணை வடபாதிநல்லூரிலேயே நடந்தது. தெருக்காரர்கள் பின்னால் நின்றார்கள். மிராசுதார் பக்கம் முன்வரிசை நாற்காலி. வக்கீல் படத்தைப் பிரித்துக் காட்டி, "சர்க்கார் ஆளே அளந்து களம்னு போட்டிருக்காரு, இதுக்கு மேல என்ன" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"நான் அளக்கலங்க. மதகோட திரும்பிட்டேன். அந்தப் பக்கம் போகவே இல்ல. அங்க வீடுங்க இருக்கு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் வக்கீல்.

"அது எங்க தெரு. காத்தாயி மகன் நான்."

"அப்ப ஏன் போகல?"

"அந்தத் தெருக்காரன்னு தெரிஞ்சிடும்னு வெக்கப்பட்டுக்கிட்டு போகலங்க."

நடராசன் என்னைக் காலிலிருந்து மேலே பார்த்தார். துரைராசு அவர் காதில் ஏதோ சொன்னார். டம்ளரைப் பற்றி இருக்கும். எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. பின்னால் அம்மா நிற்கிறாள் என்பதுதான் முதுகில் எரிந்தது. அலுவலகத்தில் எனக்கு ஒரு சின்ன வேலை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போன ஆபீசர் யார் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

மறு அளவைக்கு உத்தரவு வந்துவிட்டது. பஸ் நிலையம் மேற்கே போகிறது. எனக்குப் பயிற்சி தேறவில்லை. அடுத்த வருஷமும் இதே அலுவலகத்துக்கு வருகிறேன் என்று கேட்டிருக்கிறேன், சார் மறுக்கவில்லை. இன்றைக்குக் கபீரோடு போய்த் தெருவை அளந்தேன். மதகைத் தாண்டும்போது வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வீடு வீடாக அளந்தோம். நாடாவைப் பிடிக்க ஆட்கள் போட்டி போட்டார்கள். ஒருவரும் என்னைக் குத்திக் காட்டவில்லை. கொஞ்சம் திட்டியிருக்கலாம். தங்கையன் மட்டும், "எங்க வீட்டுக் கொல்லையச் சேத்துக்கய்யா, அதையும் களம்னு போட்டுறாத" என்றார். சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

கடைசி வீடு எங்களுடையது. அம்மா கபீருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். பிறகு எனக்கும் கொடுத்தாள். விசாரணைக்கு அப்புறம் அவள் என்னோடு பேசுவது இதுதான் முதல் தடவை.

"அன்னைக்கி மதகு வரைக்கும் வந்தது நீதானா?"

"ஆமாம்மா."

சொம்புக்குக் கையை நீட்டினாள்.

"நான் வீட்டுலதாம்ப்பா இருந்தேன்" என்றாள்.

சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கபீர் நாடாவின் அந்த முனையிலிருந்து நீளத்தைச் சொன்னார். காதில் விழவில்லை. இன்னொரு முறை சொன்னார். எழுதிக்கொண்டேன்.