அழுத்தக் கூடாத ரேசர்

அண்ணா,

நீ அனுப்பிய பழைய மாதிரி சேஃப்டி ரேசர் வந்தது. கூடவே உன் துண்டுச்சீட்டு: "அப்பாவுக்கு இதுதான் பிடிக்கும், இதுலயே ஷேவ் பண்ணிவிடு." உத்தரவு போட மட்டும் உனக்கு நன்றாக வருகிறது.

பக்கவாதத்தில் படுத்து, ஆள் அடையாளமும் தடுமாறுகிறவர் முகத்தில் எடுத்த எடுப்பில் பிளேடு வைக்க முடியுமா? நான்கு நாள் என் முகத்தில் பழகினேன். பிளாஸ்டிக் ரேசரை அழுத்தி இழுத்தே பழகிய கை. இதை அழுத்தவே கூடாது. அதன் கனமே போதும். ஆனால் கையில் எடுத்தாலே உன் ஞாபகம் வந்து அழுத்திவிடுவேன். தாடையில் ஏழு வெட்டு. ஆபீசில், "வீட்ல பூனை வளக்கிறீங்களா?" என்று கேட்டார்கள்.

இன்று காலை உன்னை நினைக்காமல் அப்பாவுக்குச் செய்தேன். ஒரு கீறல் இல்லை. அசைகிற கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். ஆறு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"பெரியவனே, எப்படா வந்த?"

"இப்பதாம்ப்பா" என்றேன்.

அவரைப் பொறுத்தவரை நீ வந்துவிட்டாய். ஆறு மாதமாக மலமும் மூத்திரமும் அள்ளுகிற நான்தான் இங்கே இல்லை.

அவருக்கு மறுபடி தாடி முளைக்க மூன்று நாள் ஆகும். அதற்குள் வந்து சேர்.

தம்பி