அரைநாணிக்கு முழு மதிப்பெண்

ஜனவரி 9

கிடங்கில் இன்று நாற்பது மூட்டை. மூட்டைக்குள் குழாயைச் செருகித் தானியத்தை உருவி, சல்லடையில் ஆட்டி, விழுகிற வண்டை எண்ணி எழுதுவது என் உத்தியோகம். விலங்கியலில் முதுகலை, அதுவும் முதல் வகுப்பு. மேலாளர் கேட்கிறான், "சார், இது ஆம்பள வண்டா பொம்பள வண்டா?" அவனுக்கு நான் ஒரு தமாஷ்.

மகளைப் பயிற்சி வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டேன். மருத்துவ நுழைவுத் தேர்வு அவளுக்கு இது இரண்டாம் முறை. இந்தத் தடவையும் இடம் கிடைக்காவிட்டால் ஆசையை விட்டுவிட்டு வேறு ஏதாவது பட்டப்படிப்பில் சேர்வதாக அவளே சொல்லியிருக்கிறாள். வீட்டில் நான் இருக்கும்போது உயிரியலுக்கு எதற்கு அந்த வகுப்பை நடத்துகிற ரெக்கார்டிடம் போகணும்? அவன் கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் இளையவன். என் செய்முறை ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைந்தே தேறியவன். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். இப்போது அவன் வாசலில் பெற்றோர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

ஜனவரி 20

வகைப்பாடு ஆரம்பித்தோம். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதையெல்லாம் படித்துத்தான் இரண்டு மதிப்பெண்ணில் மருத்துவ இடத்தைக் கோட்டை விட்டேன். என் குறிப்புகளை வைத்துக்கொண்டு படித்த தம்பி இரண்டு வருஷம் கழித்து உள்ளே போனான். அவன் டாக்டர். நான் வண்டு.

பிப்ரவரி 3

சண்டை. கடல் மணலில் வளை தோண்டி வாழும் புழு போன்ற உயிரிகள் உண்டு, அரைநாணிகள் என்று. அவை முதுகுநாணிகளில் ஒரு துணைத்தொகுதி என்று எழுதச் சொன்னேன்.

"அப்பா, புத்தகத்துல தனித் தொகுதின்னு போட்டிருக்கே. முதுகுநாணற்றதுல சேத்திருக்காங்க."

"எவன் எழுதின புத்தகம்? நான் அதை அறுத்துப் பாத்தவன்டி!"

கத்தினேனா? சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள் என்றால் கத்தித்தான் இருக்கிறேன். மகள் நான் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 4

நூலகத்தில் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. நான் படித்ததை மாற்றிப் பல வருஷம் ஆகிறது. முதுகுநாண் என்று நாங்கள் படம் வரைந்து பாகம் குறித்தது நாணே இல்லையாம்.

நாளைக்குச் சொல்லிவிடணும்.

பிப்ரவரி 5

சொல்லவில்லை.

பிப்ரவரி 22

நானே கேள்வித்தாள் தயாரித்து அவளுக்குத் தேர்வு வைத்தேன். ஐம்பது கேள்வி. அதில் அரைநாணியும் ஒன்று. வேண்டுமென்றே வைத்ததுதான். புத்தகத்தில் உள்ளதை அவள் எழுதினால், "நீ சொன்னதே சரிம்மா" என்று போகிற போக்கில் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று இருந்தேன்.

அவள் நான் சொன்னதையே எழுதியிருந்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா என் கையில். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் —

சரி என்று போட்டேன். முழு மதிப்பெண்.

"நாப்பத்தெட்டாப்பா?"

"ம்."

இரண்டு மதிப்பெண்ணில் வாழ்க்கை போனவன், தெரிந்தே தன் பெண்ணுக்குத் தப்பைச் சரி என்று போட்டான். ரெக்கார்டு காப்பியடித்தான். ஆனால் இந்த வேலை செய்திருக்க மாட்டான்.

மார்ச் 8

மதியம் மகளும் மனைவியும் வெளியே போயிருந்தார்கள். திருடன் மாதிரி அவள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். நோட்டில் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துத் திருத்திவிட்டால், தானே எப்போதோ திருத்தியதாக நினைத்துக்கொள்வாள். இந்த வயதில் எனக்கு வந்த யோசனை இது!

இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்றின் அட்டையில் "அப்பா". இன்னொன்றில் "தேர்வு".

"தேர்வு" நோட்டில் பிப்ரவரி 3 தேதியிட்டு அரைநாணிகள் சரியாக இருந்தன. கீழே ரெக்கார்டின் கையெழுத்து. அந்தக் கோழிக் கிறுக்கலை எனக்கா தெரியாது? என்னிடம் படித்து முடித்ததும் தினமும் தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாளே, அங்கேதான் போயிருக்கிறாள்.

அப்படியானால் எங்கள் வீட்டுத் தேர்வில், சரியான விடை தெரிந்தே எனக்காகத் தப்பாக எழுதினாள். நானும் தெரிந்தே சரி போட்டேன்.

மனைவி வந்ததும் கேட்டேன்.

"நான்தான் போகச் சொன்னேன். அவளுக்கு இது கடைசித் தடவைங்க."

"அப்ப எதுக்கு என்கிட்டயும் வந்து உக்காந்தா?"

"அந்த ஒரு மணி நேரம்தான் உங்க மூஞ்சி மூஞ்சியா இருக்கு. அதான்."

மார்ச் 9

மாலை அவள் வந்து "அப்பா" நோட்டைத் திறந்தாள். ஊர்வன நடத்தினேன். இரண்டு பேருமே நன்றாக நடித்தோம்.

மே 3

தேர்வு. வாசலில் பெற்றோர் கூட்டம். ரெக்கார்டும் வந்திருந்தான், தலை பாதி நரைத்து.

"சௌக்கியமாண்ணே? நீங்க சொல்லிக் குடுக்கறதா கேள்விப்பட்டேன். அப்புறம் என்ன கவலை?"

எதுவுமே தெரியாத மாதிரி பேசுகிறான். இவனும்! தள்ளிப் போய் மரத்தடியில் நின்றுகொண்டேன்.

ஜூன் 14

தேர்வு முடிவு வந்தது, இடம் நிச்சயம். மனைவி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

தம்பி போன் செய்தான். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணே, சாதிச்சிட்டீங்க! உங்ககிட்டப் படிச்ச ரெண்டாவது டாக்டர் இவ!" முப்பது வருஷமாக இவன் வாயிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. மறுக்க வேண்டியதுதானே? மகள் என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆமா சித்தப்பா. அப்பாதான்."

ஜூன் 16

விடுப்பு போட்டுவிட்டுப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். மாடிப்படியில் பாதி ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன்.

"வாங்கண்ணே! சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே?"

மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "அரைநாணியைத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்ப்பா," என்றேன்.

"தெரியும்ணே. அன்னிக்கே வந்து கேட்டா. சரியான விடை அவளுக்கே தெரியும். 'அப்பா சொல்றதுக்கும் எங்கயாவது ஆதாரம் இருக்கா சார்?'னு அதைத்தான் கேட்டா. ரெண்டு பேரும் அலமாரியக் கவுத்துப் போட்டுத் தேடினோம்."

"கிடைச்சுதா?"

"அட்டை கிழிஞ்ச பழைய புத்தகம் ஒண்ணுல இருந்துச்சு. நாம படிச்ச மாதிரியேதான் போட்டிருந்தான். அதைப் பாத்ததும் அவளுக்கு என்ன சந்தோஷம்ங்கறீங்க! 'அப்போ அப்பா தப்பாப் படிக்கல'ன்னா."

பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மின்விசிறியைப் போட்டுவிட்டு, "தண்ணி குடிங்கண்ணே," என்றான்.

வாங்கிக் குடித்தேன்.