பூசானில் நீ ஒதுங்கி நின்ற வாசல்

திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் உனக்குக் கோட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் உன் கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவனுடைய உடம்பு. கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. முகம் மட்டும் உன்னுடையது. கொரியாவில், பூசான் மீன் மார்க்கெட்டில் நான் எடுத்த படத்திலிருந்து வெட்டியது. வாய் நிறைய மீன் பலகாரத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாய். உப்பிய கன்னத்தை ஃப்ளெக்ஸ்காரன் கம்ப்யூட்டரில் அமுக்கிவிட்டான். இப்போது நீ இன்சூரன்ஸ் விற்க வந்தவன் மாதிரி இருக்கிறாய்.

உனக்கு மேலே, உன்னைவிடப் பெரிதாக, பண்ணை வீட்டுக்காரர் கைகூப்பி நிற்கிறார். உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, நம் தெருவில் ஓட்டு இருக்கிறது. நாம் ஊர் திரும்பிய பிறகு உன் பைக்கை அடித்துத் தள்ளிய மணல் லாரி அவருடைய மச்சினனுடையது என்று ஊருக்கே தெரியும். ஃப்ளெக்ஸுக்கு மட்டும் தெரியவில்லை. 'கொரியா சென்று நம் மண்ணுக்குப் பெருமை சேர்த்தவனே' என்று போட்டிருக்கிறார்கள். எந்த மண்? அந்த லாரியில் போனதா?

நீ சேர்த்த பெருமையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஒரே இரும்புப் பட்டறை, ஒரே அறை; நீ, நான், கூத்தாநல்லூர் சாதிக். பட்டறை முதலாளி திட்டிய வார்த்தைகள்தான் நாம் முதலில் கற்ற கொரிய மொழி. அதனால் அந்த ஊரை நான் தலையில் தூக்கி வைத்து ஆடப்போவதில்லை. ஆனால் ஊர் சுற்றிப் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம்முடையது.

காலையில் கடற்கரை. சாதிக் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றான். "நம்ம முத்துப்பேட்ட கடல்தான்டா. கொஞ்சம் கழுவி வச்சிருக்கானுவ, அவ்வளவுதான்." அங்கிருந்து, மாடி மாடியாக உயர்ந்து நின்ற ஒரு பெரிய கடைக்குப் போனோம். அப்போதுதான் கதவு திறந்தார்கள். உள்ளே இரண்டு பக்கமும் சீருடை போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள். நீ முதலில் கால் வைத்தாய். அத்தனை பேரும் ஒன்றாக இடுப்புவரை குனிந்தார்கள்.

நீ என்ன செய்தாய், நினைவிருக்கிறதா? சட்டென்று தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாய். பின்னால் வரும் பெரிய மனுஷனுக்கு வழி விட்டாய்.

"யாருடா வர்றா?" என்று என்னிடம் கிசுகிசுத்தாய்.

"யாரும் வரல மாப்ள. அது ஒனக்குத்தான்" என்றான் சாதிக்.

நீ நம்பவில்லை. வெளியே போய்த் திரும்பி வந்தாய். மறுபடி குனிந்தார்கள். நீயும் குனிந்தாய். நீ குனிந்ததால் அவர்கள் இன்னொரு தடவை குனிந்தார்கள். விடுவாயா நீ? மூன்றாம் தடவை கடைசியில் நின்ற பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சம்பளத்துக்குத்தான் குனிந்தார்கள், தெரியும். நம் ஊரில் சம்பளம் கொடுத்தாலும் உனக்கு யார் குனிவார்கள்?

மத்தியானம் மீன் மார்க்கெட். தொட்டிக்குள் நெளிந்ததைப் பார்த்து, "அட, நம்ம வாய்க்கா வெலாங்குடா! இதுக்கும் விசா குடுத்துட்டான் பாரு" என்றாய். விசா முடிந்த மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். குச்சியில் குத்திய மீன் பலகாரம் வாங்கித் தின்றுகொண்டிருந்தபோது திடீரென்று சொன்னாய்:

"எங்கப்பன ஒருதடவ இங்க கூட்டியாரணும்டா."

"எதுக்கு? மீன் திங்கவா?"

"அந்தக் கட வாசல்ல நிறுத்த. தனக்கு முன்னாடி நாலு பேரு குனியறத அவரு கண்ணால பாக்கணும். பாத்துட்டா அப்பறம் பண்ண வீட்டுக்காரர 'ஆண்டே'னு கூப்புட வாய் வராது."

"உங்கப்பா அந்தப் பொண்ணுங்க கால்ல விழுந்துருவாரு மாப்ள" என்றான் சாதிக்.

நீ சிரித்தாய். நான் எடுத்த படம் அதுதான்.

சாதிக் சொன்னதில் பொய் இல்லை. பண்ணை வீட்டு வாசலில் உன் அப்பாவின் துண்டு தோளில் இருந்து நான் பார்த்ததே இல்லை. இடுப்புக்கு இறங்கிவிடும், முதுகும் கூடவே இறங்கும். 'கொரியாவுலயும் அப்பாவ அப்பான்னுதான் கூப்புடுவாங்களாமே' என்று டீக்கடையில் ஒருவன் என்னிடம் பூரித்துப் போகிறான். ஆமாம், அங்கே அப்பாவை அப்பா என்கிறார்கள். இங்கே உன் அப்பாவைப் பண்ணை வீட்டுப் பேரப்பிள்ளை பெயர் சொல்லி, 'வாடா' என்று கூப்பிடுகிறது. இந்த லட்சணத்தில் தமிழுக்கும் கொரியாவுக்கும் உறவு கண்டுபிடித்துத் தருகிறார்கள்.

நேற்று உன் கருமாதி. பண்ணை வீட்டுக்காரர் புது வேட்டி துண்டோடு வந்தார், பின்னாலேயே போட்டோ எடுக்கிறவன். நம் தெருவுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. உன் அப்பா படையல் சோற்றை இலையோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உன் படத்துக்கு முன்னால் நின்றிருந்தார். பண்ணை வீட்டுக்காரர் வேட்டியை நீட்டினார், ஒற்றைக் கையால். கேமரா தயாராகிவிட்டது. உன் அப்பா இலையை யாரிடமாவது கொடுத்துவிட்டுத் துண்டை இறக்கி வளையப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அங்க வைங்க" என்றார் உன் அப்பா.

'ஆண்டே' இல்லை. உன் படத்தின் முன்னால் வெறும் தரையைத் தாடையால் காட்டினார். வாங்கி வைக்க ஆள் தேடிப் பண்ணை வீட்டுக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. ஒரு கையால் முழங்காலை ஊன்றி, வயிறு இடிக்க, மூச்சு வாங்கிக்கொண்டு உனக்கு முன்னால் குனிந்தார். எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் போட்டோக்காரன் விழித்தான்.

அவர் போனதும் உன் அப்பாவிடம் கேட்டேன். "வேணும்னுதான் அப்படிச் சொன்னீங்களா பெரியப்பா?"

"கையில சோறு இருந்துச்சுடா" என்றார்.

தனக்கு முன்னால் குனிவதை உன் அப்பா பார்க்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். அவர் பார்க்கவே இல்லை. ஆண்டை குனிந்து நிமிர்ந்த அத்தனை நேரமும், இலையில் குழம்பு ஓடிவிடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கிற அளவுக்குக்கூட அது அவருக்கு ஒரு விஷயமாகப் படவில்லை. திரும்பாத அந்தக் கழுத்தைத்தான் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். எனக்கு அது கைவர நாளாகும். பண்ணை வீட்டுக்காரர் குனிந்த கதையை விடிந்ததிலிருந்து, இன்னும் கொரியாவில் இருக்கிற சாதிக்குக்கு போன் போட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.