என் மூச்சு உன் சித்தப்பா போனில்

கிள்ளான்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் இந்துஜாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறபடி இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனில் பேசினால் பாதியிலேயே இருமல் வந்து பேச்சை அறுத்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய நெஞ்சுப் பட்டையைக் குளிக்கும் நேரம் தவிரக் கழற்றுவதில்லை. துடிப்போ மூச்சோ எகிறினால் போனுக்குச் செய்தி போகும் என்றாய், சரி. ஆனால் அந்தச் செய்தி முதலில் போகும் இடத்தில் உன் சித்தப்பா ஐங்கரன் பெயரைப் போட்டாயே, அது ஏன்? அடுத்த தெருவில் இருக்கிறார், அம்மா போனை எடுப்பதில்லை என்பாய். நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன சனிக்கிழமை எங்கள் பிளாட்டில் லிஃப்ட் பழுது. பாசாரில் வாங்கிய மீனோடு படியேறினேன், இரண்டாம் மாடியில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். சற்று நேரத்தில் ஐங்கரன் கட்டிய சாரத்தோடு ஓடி வந்துவிட்டான். 'அண்ணே, மூச்சு கன்னாபின்னான்னு காட்டுது, உட்காருங்க லா' என்று படிக்கட்டே அதிரக் கத்துகிறான். அவனுக்கு ஒரு இரைப்புக்கூட இல்லை. முன்பு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவரும் ஒரே அறை, ஜன்னலை மூடிவைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சிகரெட் ஊதியவன் அவன். நான் ஒன்றுகூடப் பற்றவைத்ததில்லை. அவன் மாடிப்படியில் ஓடுகிறான், நுரையீரல் நோய் எனக்கு. ஒவ்வொரு புது டாக்டரும் 'அங்கிள் எத்தனை வருஷம் ஸ்மோக் பண்ணீங்க' என்று என்னைத்தான் கேட்கிறார். துணைக்கு வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து கூரையைப் பார்க்கிறான்.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த இரண்டாம் மாடி மாரியாயி, 'இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்துவெச்சிருக்கணும் அங்கிள்' என்றாள். உன் அம்மா அன்று குழம்பில் நடுத்துண்டை அவன் தட்டில் போட்டாள். அதுகூடப் போகட்டும். மூச்சு அடங்கியதும் உன்னிடம் நானே சொல்லலாமென்று அழைத்தேன், லைன் பிஸி. அவன் பால்கனியில் நின்றுகொண்டு 'ஒண்ணும் இல்லம்மா, அழாதே, சித்தப்பா இருக்கேன்ல' என்று பேசுவது உள்ளே கேட்டது. என் மூச்சுக்காக என் மகள் அழுகிறாள், அந்த அழுகையும் அவன் காதில்தான் விழ வேண்டுமா?

ஆகவே முதல் இடத்தில் உன் பெயரைப் போடு. அங்கிருந்து ஓடிவர முடியாதென்று தெரியும், நடுச்சாமத்தில் அடிக்கும் என்றும் தெரியும். உன் தூக்கம் கெடட்டும். நீ அறிந்த பிறகு யாருக்கு வேண்டுமானாலும் சொல். இந்தக் கடிதம் கிடைத்தும் மாற்றாவிட்டால் பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன்.

இதை எழுதும்போதே போன் அடித்தது, அவன்தான். 'அண்ணே, உட்கார்ந்த இடத்திலேயே துடிப்பு ஏறுதே, யாரைத் திட்டிக்கிட்டிருக்கீங்க?' என்றான். உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். 'என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போடுங்கண்ணே' என்று சிரித்தான். போடவில்லை.

காதை மூடாமல் வெளியே போகாதே, வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ நினைத்ததெல்லாம் கைகூட முருகன் அருள வேண்டும், அம்மாவின் ஆசியும் இதோடு. பெயரை மாற்ற மறக்காதே. இரண்டாவதாக அவன் பெயர் இருக்கட்டும், எடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவேந்திரன்