ஓடைப் பாறையும் ஜீப்பின் வயிறும்

வேடியப்பன் துணை

ஜவ்வாது மலை,
ஆவணி 12, 1983.

அன்புள்ள மகன் சின்னராசுவுக்கு,

அப்பா சின்னதம்பி எழுதுகிறேன். இந்தத் தடவை நீலாவதி டீச்சரை எழுதச் சொல்லவில்லை. அவர் நடத்தும் முதியோர் பள்ளிக்கு ஆறு மாதம் போனேன். இது என் கையெழுத்தேதான். மூன்று நாளாக எழுதுகிறேன். ஜீப் என்ற சொல்லுக்கே ஒரு சாயங்காலம் ஆனது. எழுதி முடித்து, தூரத்தில் வைத்துப் பார்த்தேன். ஜீப் என்றுதான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இங்கே எல்லாரும் சுகம். சாமை நன்றாக முளைத்திருக்கிறது. பட்டாளத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

மருமகள் வசந்திக்கு ஏழாம் மாதம். ஐப்பசிக் கடைசியில் பிறக்கும் என்கிறார்கள். அடைமழையில் ஓடைப் பாறையைத் தாண்டித்தான் அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பாறை உனக்குத் தெரியும். முன் சக்கரம் ஏறி இறங்கியதும் ஜீப்பின் வயிறு பாறை முதுகில் உட்கார்ந்துகொள்ளும். நீ ஓட்டியபோதே இரண்டு தடவை உட்கார்ந்தது.

ஜீப்பை உயர்த்த இரண்டு வழி உண்டு என்று யாரோ சொன்னதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். பாடிக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் கட்டை வைத்து பாடியை மட்டும் தூக்கலாம். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்து, சட்டத்தோடு மொத்தமாகத் தூக்கலாம். பட்டை சேர்த்தால் குலுக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது, கட்டையே வையுங்கள் என்றாய். நானும் வசந்தியின் அண்ணன் சடையனும் வண்டியைக் கண்ணமங்கலத்துக்கு ஓட்டிப்போனோம்.

மெக்கானிக் மஸ்தான் பாய் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா பெரியவரே, வண்டி எங்க இடிக்குது? அத்த முதல்ல சொல்லுங்க" என்றார். மகன் கட்டை வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறான் என்றேன். "பட்டாளத்து உத்தரவா? அப்ப நான் இன்னா பேசுறது" என்று சிரித்துவிட்டு நாலு விரல் உயரக் கட்டையை வைத்து முடுக்கினார்.

வண்டி கம்பீரமாக நின்றது. எருது வாங்கப் போனால் நாம் திமில் உயரத்தைத்தானே பார்ப்போம்? அதே பழக்கத்தில் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். நெஞ்சுக்கு இருந்தது தோளுக்கு வந்திருந்தது. மனம் நிறைந்துவிட்டது. நான் குனிந்து பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பாறையில் கிரீச்சென்று உட்கார்ந்தது. சடையன் இறங்கி அடியில் பார்த்தான். "மாமா, தலப்பாதான் பெருசாயிருக்கு, காலு அப்படியேதான் கீது" என்றான். கடப்பாரை போட்டு நெம்பித்தான் வண்டியை எடுத்தோம்.

மறுநாள் பாறையின் முதுகை அளந்தேன். நம் மரக்காலின் உயரம் சரியாக இருந்தது. மரக்காலைக் கவிழ்த்து ஜீப்பின் நடுவயிற்றுக்கு அடியில் தள்ளினேன். நுழையவில்லை. உன் அம்மா பார்த்துவிட்டாள். "நெல்லு அளக்குறதக் கவுத்து வண்டிக்கு அடியில வெக்கிறியே, வூட்ல சோறு தங்குமாய்யா?" என்று கத்தினாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனாலும் மரக்காலைச் சாக்கில் சுற்றி மறுபடியும் கண்ணமங்கலம் கொண்டுபோனேன்.

பாய் கட்டைகளைக் கழற்றினார். ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் இரண்டு பட்டை சேர்த்தார். இப்போது மரக்கால் நுழைகிறது, மேலே இரண்டு விரல் இடமும் இருக்கிறது. குலுக்குவது உண்மைதான். பின்னால் இரண்டு மூட்டை சாமை ஏற்றினால் குலுக்கல் குறைகிறது, ஆனால் இடம் ஒரு விரலாகிறது. ஒரு விரல் போதும்.

வசந்தி தானே ஏறிப் பார்க்கிறேன் என்றாள். வண்டி உயரமாகிவிட்டதால் அவள் கால் வைத்து ஏற ஒரு முக்காலி செய்திருக்கிறேன். சடையன் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். பாறையைத் தாண்டியதும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "குலுக்குது மாமா. போன தபா குலுக்கவே இல்லீங்களே" என்றாள்.

போன வருஷம் குழந்தை தங்கவில்லை என்று டீச்சரை எழுதச் சொன்னேன். எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. அந்தப் பாறைமேல்தான். காலையில் உட்கார்ந்த ஜீப்பைப் பொழுது சாயும்போதுதான் எடுக்க முடிந்தது. அடுத்தவர் கையால் எழுத வைக்க எனக்கு வாய் வரவில்லை. நீ லீவில் வந்தபோதும் நானும் சொல்லவில்லை, வசந்தியும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் நீ கட்டை வைக்கச் சொல்லியிருக்கமாட்டாய். ஆகையால் உன்மேல் குற்றம் இல்லை.

லீவு கிடைத்தால் ஐப்பசியில் வா. கிடைக்காவிட்டால் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. சாமை மூட்டை, முக்காலி, சடையன், நான், எல்லாம் தயார். தினமும் ஒரு தடவை மரக்காலை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் செய். பிள்ளைக்கு என்ன பெயர் நினைத்திருக்கிறாய் என்று எழுதி அனுப்பு. பிறக்குமுன் பெயர் சொல்லக் கூடாது என்பாள் உன் அம்மா. நீ சொல்ல வேண்டாம், எழுது. நான் சத்தம் போடாமல் படித்துக்கொள்கிறேன்.

உன் நலம் கோரும் அப்பா,
சின்னதம்பி