கனமான கால்

லண்டன்
9 ஜனவரி 1973

அன்புள்ள பெரில் அக்கா,

பார்சல் வந்து சேர்ந்தது. அப்பாவின் பழைய பூட்ஸைச் செய்தித்தாளில் சுற்றி, கூடவே ஒரு துண்டு கேக்கும் வைத்திருந்தாய். கேக்கில் பூட்ஸ் வாசம். இருந்தாலும் தின்றுவிட்டேன். அந்த ஒற்றை பூட்ஸ் எதற்கு என்று நீ கேட்டபோது, போட்டோ எடுக்க என்று பொய் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே, இப்போது நிஜத்தைச் சொல்கிறேன்.

‘படியேறி வா’ என்ற எங்கள் குழுவின் புதுப் பாட்டுக்கு ஒரு தொடக்கம் கிடைக்காமல் மூன்று நாளாகத் தவித்தோம். இதுவும் ஓடாவிட்டால் ரெக்கார்டு கம்பெனி எங்களை வெளியே தள்ளிவிடும் என்று தயாரிப்பாளர் லயனல் சொல்லிவிட்டார். டிரம்ஸ் வாசிக்கிற நோபி என்னென்னவோ அடித்துப் பார்த்தான். என் காதில் இருந்தது வேறு சத்தம். நம் வீட்டு மாடிப்படியில் அப்பா ஏறி வருவாரே, நல்ல கால் லேசாக, நாலு அங்குல உயரத்துக்கு அடிக்கட்டை வைத்த பூட்ஸ் மாட்டிய குட்டைக் கால் ‘தம்’ என்று, அது. ஒலிப்பதிவுக் கூடத்தின் பின்னால் ஒரு மரப்படிக்கட்டு இருக்கிறது. அங்கே மைக்கை வைத்து, ஒரு காலில் என் ஷூ, மறு காலில் அப்பாவின் பூட்ஸ், இருபத்தேழு தடவை ஏறினேன். லயனல் அதை ஒன்றன்மேல் ஒன்றாக நாலு முறை அடுக்கினார். போட்டுக் கேட்டபோது ஊரே படியேறி வருவது போல இருந்தது.

அப்பாவிடம் மட்டும் மூச்சு விடாதே.

உன் தம்பி,
கிளைவ்

இங்கே எல்லோருக்கும் நான் ரெக்ஸ் காமெட், மேடைப் பெயர். நீ அப்படிக் கூப்பிட்டால் உதை விழும்.


வில்லன்ஹால்
16 ஜனவரி

அன்புள்ள கிளைவ்,

நானும் அப்பாவும் நலம் என்றுதான் எழுத ஆசை. உன் கடிதம் வந்த பிறகு அப்படி எழுத முடியவில்லை.

அந்த பூட்ஸ் கரிக் கொட்டகையில் கிடந்ததால் வேண்டாதது என்று நினைத்து அனுப்பினேன். அது அவர் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற பூட்ஸாம். சனிக்கிழமை அவர் கொட்டகையையே புரட்டிப் போட்டார். நானும் கூடவே தேடுகிற மாதிரி நடித்தேன். இப்போது ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த நல்ல பூட்ஸோடு சேற்றில் இறங்கி உருளைக்கிழங்குப் பாத்தி கொத்துகிறார்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது பிரார்த்தனை முடிந்து சேப்பல் வாசலில் பையன்களுக்கு அப்பா மாதிரி நொண்டி நடந்து காட்டினாயே, அன்றைக்கு அப்பா மூலையில் நின்று பார்த்துவிட்டார். அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. இப்போது நாடு முழுக்க நடந்து காட்டப் போகிறாய். அவருக்கு அப்படித்தான் படும்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ கண் மையும் ஜிகினாவுமாக வந்து நின்றபோது, “இந்த வேஷத்தோட என் வீட்டுப் படி ஏறாத” என்றார். அந்த வார்த்தையை என்றைக்காவது திரும்ப வாங்கிக்கொள்வார் என்று நான் காத்திருக்கிறேன். இந்தப் பாட்டால் அந்த நம்பிக்கையும் போய்விடும். பூட்ஸை உடனே என் பெயருக்குத் திருப்பி அனுப்பு.

அக்கா,
பெரில்


லண்டன்
2 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

பூட்ஸை இன்று அனுப்பச் சொல்லி ஆபீஸ் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

பாட்டு வெளியாகிவிட்டது. விற்பனைப் பட்டியலில் இருபத்து நாலாம் இடம். கிளாம் ராக் என்று இந்தக் கூத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பத்திரிகை, ‘மூட்டை தூக்குகிறவர்கள் முகப்பூச்சு பூசிக்கொண்டு மிதிக்கிறார்கள்’ என்று எழுதியது. பிள்ளைகளுக்கு அதெல்லாம் கவலையில்லை, கூடவே மிதிக்கிறார்கள். ஓர் அரங்கில் பால்கனி ஆடுகிறது என்று பாதியில் நிறுத்தச் சொன்னார்கள்.

பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை, டிவியில் வருகிறோம். எனக்கு வெள்ளி நிறத்தில் பூட்ஸ் செய்திருக்கிறார்கள். இரண்டு காலுக்கும் நாலு அங்குல உயர அடிக்கட்டை. பழகும்போதே இரண்டு முறை விழுந்தேன். அப்பா இப்படி ஒரு காலோடு நாற்பது வருஷம் பூட்டுத் தொழிற்சாலைக்கு எப்படி நடந்தார்?

நான் கேலி செய்யவில்லை, அக்கா. சின்ன வயதில் அந்தச் சத்தம் படியேறி வந்தால்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கும். கதவெல்லாம் பூட்டியாகிவிட்டது, இனி பயமில்லை என்று அர்த்தம். இதை அவரிடம் சொல்ல எனக்குத் துப்பில்லை.

கிளைவ்


வில்லன்ஹால்
11 பிப்ரவரி

அன்புள்ள கிளைவ்,

உன் ஆபீஸ் பெண் பார்சலில் என் பெயரை விட்டுவிட்டு ‘டிரான்டர்’ என்று குடும்பப் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். அப்பா பிரித்துவிட்டார்.

பூட்ஸின் அடியில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி, ‘படியேறி வா, தொடக்கம், கனமான கால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக்கூடவா பிய்த்தெறியக் கூடாது? இரண்டு தடவை படித்தார். இது என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். பூட்ஸை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார், நல்ல பூட்ஸோடுதான்.

தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் சின்னப் பையன்கள் உன் பாட்டைத் தரையில் மிதிக்கிறார்களாம். அவர் நடுவில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்கிறாராம். நேற்று மதியம் எங்கோ கிளம்பிப் போனவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். எங்கே போனீர்கள் என்றால், “கடைத்தெருவுக்கு” என்றார். கையில் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பெரில்


லண்டன்
13 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

டிவிக்கு வருகிற பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும் என்பது இசைக்காரர் சங்கத்தின் சட்டம். நேற்று சங்கத்து ஆள் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்க, மூன்று மணி நேரத்தில் முடித்தோம். பூட்ஸ்தான் உன்னிடம் இருக்கிறதே, நோபி ஒரு பலகையில் மிதித்துச் சமாளித்தான். அதுவும் நல்லதற்குத்தான், அப்பாவுக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்திருந்தேன். உன் கடிதம் வந்து அந்த ஆறுதலும் போயிற்று.

அவரைப் பார்க்க விடாதே. டிவி பின்னால் ஏதாவது கம்பியைப் பிடுங்கிவிடு. அவர் மனம் நொந்துவிட்டது என்று நீ ஒரு வரி எழுதினால் போதும், லயனல் தலைகீழாக நின்றாலும் அந்தப் பாட்டை இனி நான் பாட மாட்டேன்.

கிளைவ்


வில்லன்ஹால்
16 பிப்ரவரி

அன்புள்ள கிளைவ்,

கம்பியைப் பிடுங்கினேன். அப்பா டிவியின் பின்னால் எட்டிப் பார்த்து, அதைத் திரும்பச் சொருகினார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கன்னத்தில் நட்சத்திரமும் அந்த வெள்ளி பூட்ஸுமாக நீ வந்தாய். நான் உன்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிதிக்கிற சத்தம் தொடங்கியதும் அவர் முகம் சுருங்கியது. பாட்டு முடிகிறவரை அசையவில்லை.

“தப்பு,” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அவன் கேலிக்குப் பண்ணலப்பா.”

“கேலின்னு யாரு சொன்னா? சத்தம் தப்புங்கறேன். கனமான கால முதல்ல வைக்கறாங்க. நல்ல கால்தான் முதல்ல, கனம் ரெண்டாவது. ரெக்கார்டுல சரியாத்தானே இருக்கு?”

ரெக்கார்டை எங்கே கேட்டீர்கள் என்றேன். போன சனிக்கிழமை கடைத்தெருவில் பாட்டுக் கடைக்குப் போய், அங்கிருந்த பெண்ணை நாலு முறை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அது தன் கால் என்று அவளிடம் சொன்னாராம். அவள் நம்பவில்லையாம்.

அப்புறம் வெகு நேரம் கழித்து, “சேப்பல் வாசல்லயும் இப்படித்தான் தப்பா நடந்தான். அன்னிக்கே கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்,” என்றார். பதினைந்து வருஷம் கழித்து அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை இது.

இன்று வேலையிலிருந்து வந்ததும் அந்தத் தோட்டத்து பூட்ஸுக்குப் புது லாடம் அடித்து மெருகு போட்டார். உனக்குக் கட்டி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“தபால்ல வேண்டாம். அவனே வந்து வாங்கிக்கட்டும்.”

“வேஷத்தோட வந்தா?”

பூட்ஸை மேஜைமேல் வைத்தார். “அந்த வெள்ளி பூட்ஸ் ரெண்டையும் மாட்டிக்கிட்டு நம்ம மாடி ஏறிடுவானான்னு கேளு.”

அடுத்த சனிக்கிழமை வந்துவிடு. மாடிப்படியில் மூன்றாவது பலகை ஆடுகிறது, நீ விழுந்துவிடுவாய் என்று இப்போது ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா,
பெரில்